அடுப்புக்கு எங்கள் வீட்டுச் சொல்

எங்கள் வீட்டில் அடுப்புக்குப் பொய்யி என்று பெயர். தெலுங்குச் சொல். அருப்புக்கோட்டையில் எங்கள் தெரு முழுக்க நெசவுக்காரர்கள். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். அசலார் யாராவது உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால், அவர் கிளம்பும் வரை நாங்களும் தமிழில்தான் பேச வேண்டும். வந்தவரை வைத்துக்கொண்டு அவருக்குப் புரியாததைப் பேசுவது மரியாதை இல்லை என்பது அப்பாவின் சட்டம். அம்மா மட்டும் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட மாட்டாள். சமையற்கட்டில் நின்றபடி தெலுங்கில் கேட்பாள், நாங்கள் முன்கட்டிலிருந்து தமிழில் பதில் சொல்வோம். வருகிறவர்கள் அதை வேடிக்கை பார்ப்பார்கள்.

பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிதில், பொய் பேசக்கூடாது என்று வாத்தியார் சொன்னபோது, அடுப்பைப் பற்றி ஏன் பேசக்கூடாது என்று நான் திருதிருவென்று முழித்தேனாம். வீட்டில் என்னைக் கேலி செய்ய வைத்திருந்த கதை அது. அக்காதான் அதை அதிகம் சொல்லிச் சிரிப்பாள். எத்தனை தடவை சொன்னாலும் எனக்குக் கோபம் வரும், எத்தனை தடவை கோபம் வந்தாலும் அவள் விடமாட்டாள்.

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். அதன்பிறகு அவள் பாவு பிணைக்கப் போனாள். தறியில் நீளவாக்கில் பூட்டிய நூல்தான் பாவு. ஒரு பாவு நெய்து முடியும்போது, அதன் கடைசி நூல்களை அறுத்து எறிந்துவிட மாட்டார்கள். புதுப் பாவைக் கொண்டுவந்து, பழைய நூலின் முனையோடு புது நூலின் முனையைச் சேர்த்து விரலால் முறுக்கிவிட வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள், ஒவ்வொன்றாக. விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு முறுக்குவார்கள். ஒரு இழை விட்டுப்போனாலும் சேலை முழுக்க அந்த இடத்தில் கோடு விழும். அக்கா பிணைத்த பாவில் கோடு விழாது என்று தெருவில் பேர். வீடு வீடாகக் கூப்பிடுவார்கள்.

அப்படிப் போய்வரும் வழியில்தான் கிளை நூலகம் இருந்தது. வாரம் ஒரு புத்தகம் எடுத்துவருவாள். அவள் படித்து முடித்ததை நான் படிப்பேன், பிறகு இரண்டு பேரும் சண்டை போடுவோம். கதையைப் பற்றிச் சண்டை போடும்போது மட்டும் நாங்கள் வீட்டுக்குள்ளும் தமிழில் பேசினோம். தெலுங்கில் எங்களுக்கு ஒரு எழுத்துக்கூட எழுதத் தெரியாது. கதைக்காரர்களெல்லாம் எங்களுக்குத் தமிழில்தான் அறிமுகமானார்கள். சமையற்கட்டில் அம்மா நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருப்பாள். அவளுக்குத் தமிழும் படிக்கத் தெரியாது.

அறுபதுகளின் நடுவில், எனக்குப் பதினாலு வயதிருக்கும்போது, அக்கா அந்த நாவலை எடுத்துவந்தாள். பழுப்புக் காலிகோத் துணி ஒட்டி மறுபடி தைத்த புத்தகம். முதல் பக்கங்களும் இல்லை, கடைசிப் பக்கங்களும் இல்லை. என்ன தலைப்பு, யார் எழுதியது, எதுவும் தெரியாது. ஆட்களின் பெயர்களை வைத்துப் பார்த்தால் எந்த நாட்டுக் கதையையோ தமிழில் ஆக்கியிருந்தார்கள். அந்தப் பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. அதனால் வண்டிக்காரன், வாத்தியார், தாய், மகன் என்று நாங்களே வைத்துக்கொண்டோம்.

அந்த நாவலில் வரும் ஊரில் புத்தகம் வைத்திருப்பது குற்றம். தெருத்தெருவாக வண்டி வரும், இருப்பதை அள்ளிக்கொண்டு போய் ஊருக்கு வெளியே எரிப்பார்கள். எரிக்கிற வேலைக்கு எழுதப் படிக்கத் தெரியாதவர்களைத்தான் எடுப்பார்கள். தெரிந்தவன் ஏதாவது ஒரு பக்கத்தில் நின்றுவிடுவான் என்று அரசாங்கத்துக்குப் பயம். வண்டிக்காரன் அப்படிச் சேர்ந்தவன். அவனுடைய மகள் அவனுக்குத் தெரியாமல் எழுத்துக் கற்றுக்கொள்கிறாள். வாத்தியார் ஒருவர், தன் புத்தகங்கள் கடைசியாகப் போகட்டும் என்று, அக்கம்பக்கத்தில் யாரிடம் என்ன இருக்கிறது என்று காட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்கிறார். இன்னொரு தெருவில் ஒரு தாய். அவள் மகன் நோட்டில் கவிதை எழுதுகிறவன். வண்டி அவர்கள் தெருவுக்கு வருவதற்கு முன்பே, அவள் அந்த நோட்டைத் தானே எடுத்துப்போய் வண்டியில் போட்டுவிட்டு வருகிறாள். ஏன் என்று நாவல் சொல்லவில்லை. மகன் வீட்டைவிட்டுப் போய்விடுகிறான். வெகுநாள் கழித்து ஒரு பகலில் திரும்பிவருகிறான். தாய் சமைத்துக்கொண்டிருக்கிறாள். அவன் வாசற்படியில் நிற்கிறான்.

"அவன் அவளைப் பார்த்து," என்று ஒரு வரி. கமாவோடு பக்கம் முடிந்துவிட்டது. அதற்குமேல் தைத்த நூல்தான் தொங்கியது.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. கிழித்தவன் கை விளங்காமல் போகட்டும் என்று திட்டினேன். அக்கா திட்டவில்லை. அந்த நூலை விரலால் நீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிறகு பத்துப் பதினைந்து நாள் எங்களுக்கு அதே பேச்சு. அந்தத் தாய் கோழை என்றேன் நான். தன் தலை தப்பினால் போதும் என்று பிள்ளையின் நோட்டைக் கொடுத்தவள், மகன் அவள் முகத்தில் விழித்ததே தப்பு, அந்தக் கமாவுக்குப் பிறகு அவன் அவளைக் கிழிகிழியென்று கிழித்திருப்பான் என்று அடித்துச் சொன்னேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. பாவு பிணைக்கிற கையோடு, நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்.

"பயந்தாள்னு ஒரே சொல்லுல முடிச்சுட்டா எப்படி? யாருக்காகப் பயந்தா?"

வாத்தியாரையும் அவள் அப்படித்தான் பார்த்தாள். அவருக்குப் புத்தகத்தின் மேல் ஆசை இல்லை என்று சொல்ல முடியாது, அந்த ஆசைதான் அவரை இவ்வளவு கேவலமாக்கிவிட்டது என்பாள். எனக்கு அதெல்லாம் பிடிக்காது. எனக்கு நல்லவன் நல்லவனாக இருக்க வேண்டும், கெட்டவன் அடிபட வேண்டும்.

ஒருநாள் அவள் பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் மீதிக் கதையை எழுத ஆரம்பித்தாள். இத்தனை பேரையும் அந்தரத்தில் தொங்கவிட்டுப் புத்தகத்தை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்றாள். ஒவ்வொரு ஆளையும் எடுத்து, அவனுக்கு முன்னால் என்ன நடந்தது என்று பார்த்து, அதிலிருந்தே அடுத்ததைச் சேர்த்தாள். எழுதியதை எனக்கு வாயால் சொல்வாள். வண்டிக்காரன் ஒருநாள் மகளை அழைத்துப்போய், இத்தனை வருஷமாகத் தான் ஓட்டுகிற வண்டியின் பக்கவாட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொல்கிறான். வாத்தியாருடைய முறை கடைசியாக வருகிறது. புத்தகங்கள் போனதும், காட்டிக்கொடுக்க ஊரில் ஆளே மிச்சமில்லை என்று உட்கார்ந்து அழுகிறார். அவர் அழுததைச் சொன்னபோது எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் அந்த மகன் என்ன சொன்னான் என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. எழுதிவிட்டதாகச் சொன்னாள், ஒரே ஒரு வரிதான் என்றாள். கெஞ்சிப் பார்த்தேன், கிள்ளியும் பார்த்தேன்.

"அதை வாயால சொன்னா நல்லா இருக்காது. முடிச்சுட்டுத் தாரேன், படிச்சுக்கோ."

புத்தகம் திருப்ப வேண்டிய நாள் தாண்டி ரொம்பக் காலம் ஆகிவிட்டது. ஒருநாள் காலை, பத்து மணி இருக்கும், நூலகக்காரர் சைக்கிளில் வந்துவிட்டார். முப்பது வயதுக்குள் இருக்கும், வெள்ளைச் சட்டை, அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். அப்பா நெய்த சேலைகளைக் கொடுக்கப் போயிருந்தார். அக்கா பக்கத்துத் தெருவில் பாவு பிணைக்கப் போயிருந்தாள். நான் அவரை முக்காலியில் உட்காரவைத்துப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். கடைசிப் பக்கங்களை நாங்கள் கிழிக்கவில்லை என்று முந்திக்கொண்டு சொன்னேன். அவர் சிரித்தார். அது வரும்போதே அப்படித்தான், தனக்கும் முடிவு தெரியாது என்றார். அந்தத் தாயைப் பற்றித்தான் அவருக்கும் உறுத்தலாம்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் அக்கா முடிவை எழுதியிருக்கிறாள் என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. பார்க்கலாமா என்று கேட்டார். அவள் முடிக்கும் வரை யாருக்கும் காட்ட மாட்டாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் உள்பக்கம் திரும்பி, அக்காவுடைய நோட்டை எடுத்து வரச் சொல்லி அம்மாவைக் கூப்பிட்டேன். அந்த ஒரு வரியை நானும் பார்த்துவிடலாம் என்ற நப்பாசை.

அம்மா துணிப்பெட்டிக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்தது கேட்டது. ஆனால் முன்கட்டுக்கு வரவில்லை. சமையற்கட்டில் நின்று, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெலுங்கில் கேட்டாள். எதிரே அசலார் உட்கார்ந்திருக்கிறார். நான் அப்பாவின் சட்டப்படி தமிழில் பதில் சொன்னேன். கதை, நிஜமில்லை, கற்பனை என்பதற்கெல்லாம் எங்கள் தெருத் தமிழில் ஒரே சொல்தான்.

"பொய்யிம்மா. எல்லாம் பொய்யி."

நூலகக்காரர் ஏதோ கேட்டார், நான் ஏதோ சொன்னேன். கொஞ்ச நேரத்தில் காகிதம் கருகுகிற வாடை வந்தது. அடுப்பில் காய்ந்த பருத்திமார்க் குச்சி வைத்து எரித்தால் சடசடவென்று சத்தம் கேட்கும், இது சத்தமில்லாமல் எரிந்தது. உள்ளே ஓடினேன். சோற்றுப் பானைக்குக் கீழே நோட்டு விரிந்து கிடந்தது. ஒவ்வொரு தாளாகத் தானே புரண்டு கறுத்தது. கையை விட்டேன், சுட்டதும் எடுத்துக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் பொறுத்து எடுத்திருக்கலாமே என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

"நீதான பொய்யின்னு சொன்ன" என்றாள் அம்மா. தெலுங்கில் சொன்னாள். அந்தச் சொல்லுக்கு மட்டும் மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

முன்கட்டுக்கு வந்து, நோட்டைக் காணவில்லை, அக்கா எங்கோ எடுத்துப் போய்விட்டாள் போலிருக்கிறது என்று நூலகக்காரரிடம் சொன்னேன். அவர் என் கையைப் பார்த்தார். புத்தகத்தைச் சைக்கிளின் பின்னால் வைத்துக்கொண்டு போய்விட்டார். நோட்டும் போய், புத்தகமும் போயிற்று.

அக்கா மத்தியானம் வந்தாள். வாசலில் அவள் கால்சத்தம் கேட்டதும் நான் கொல்லைக்கு ஓடி, துவைக்கிற கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். உள்ளே கத்துவாள், பாத்திரம் பறக்கும் என்று காதைப் பொத்திக்கொண்டேன். கையை எடுத்தபோது தட்டு வைக்கிற சத்தம்தான் கேட்டது. நான் உள்ளே போகும்போது அக்கா சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தாள். என் விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, விளக்கெண்ணெய் தடவிவிட்டாள். நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கும் இல்லை, பிறகும் இல்லை.

அவள் பேசாமல் இருந்ததை நான் கோபம் என்றே எடுத்துக்கொண்டேன். நான் கூப்பிட்டதால் நோட்டு வெளியே வந்தது, நான் சொன்ன சொல்லால் அடுப்புக்குள் போனது. தமிழுக்கும் தெலுங்குக்கும் நடுவில் நான் செய்த பிழை. நாலு மாதத்தில் அவளுக்குக் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை எங்கள் ஆட்கள்தான், திருச்சுழியில் ஜவுளிக்கடையில் வேலை, தங்கமான மனிதர். கல்யாணத்துக்குப் பிறகு அவள் புத்தகம் கையில் எடுத்து நான் பார்க்கவில்லை. அடுப்புக் கதையைச் சொல்லி என்னைக் கேலி செய்வதையும் விட்டுவிட்டாள். அந்தக் கேலிக்காக நான் எவ்வளவு ஏங்கினேன் என்று யாரிடம் சொல்வது?

எழுபதுகளின் தொடக்கத்தில் ஆசிரியப் பயிற்சி முடித்து, நரிக்குடிப் பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளியில் சேர்ந்தேன். ஊருக்கு வந்து போக பஸ் திருச்சுழி வழியாகத்தான். திங்கட்கிழமைக் காலையில் திருச்சுழியில் இறங்கி, அக்கா வீட்டில் ஒரு காப்பி குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்பேன். என்னென்னவோ பேசுவோம். அதை மட்டும் தொடமாட்டோம்.

நான் சேர்ந்த மூன்றாம் வருஷம் மழையே இல்லை, கண்மாயெல்லாம் வெடித்துக் கிடந்தது. அக்காவுக்கு மஞ்சள்காமாலை வந்தது. கீழாநெல்லி கொடுத்தார்கள், பத்தியம் வைத்தார்கள், மதுரைக்கும் போய்வந்தார்கள். ஒரு திங்கட்கிழமை நான் போனபோது பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணும் நகமும் மஞ்சளாக இருந்தன. பாவு முறுக்குகிற அந்த இரண்டு விரல்களும் சும்மா ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருந்தன. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை மறைக்கத்தானோ என்னவோ, பத்து வருஷம் கேட்காததைக் கேட்டுவிட்டேன். அந்த மகன் என்னதான் சொன்னான் என்றேன்.

எந்த மகன் என்று அவள் கேட்கவில்லை. சிரித்தாள்.

"அன்னைக்கே சொல்லிட்டேனே, அம்மாட்ட. நீ எங்க இருந்த?"

கொல்லையில் காதைப் பொத்திக்கொண்டு இருந்தேன் என்றேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, சிரித்து இருமினாள். வெளியே ஹாரன் சத்தம் கேட்டது.

"பஸ்ஸு வந்துருச்சு, போ. அம்மாட்டக் கேட்டுக்கோ" என்றாள்.

நான் போய்விட்டேன். ஒரு நாள் லீவு போட்டால் பள்ளிக்கூடம் இடிந்தா விழுந்திருக்கும்? அடுத்த திங்கட்கிழமைக்குள் அவள் இல்லை.

அம்மாவிடம் கேட்க எனக்குத் தைரியம் வர மூன்று மாதம் ஆனது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஊருக்கு வந்தேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. அப்பா வெளியே போயிருந்தார். அம்மா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். சமையற்கட்டு வாசலில் நின்றபடியே, நோட்டை எரித்த அன்றைக்கு அக்கா வந்து உன்னிடம் என்ன சொன்னாள் என்று கேட்டேன். அம்மா சொன்னதெல்லாம் தெலுங்கில்தான், தமிழில் எழுதுகிறேன்.

முதலில் அவள் வேறு ஒன்றைச் சொன்னாள்.

"பொறந்ததுலேருந்து இந்த ஊருல இருக்கேன். பொய்யின்னு தமிழ்ல சொன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா?"

அவள் நிறுத்தவில்லை. நூலகக்காரர் வந்து உட்கார்ந்து, வயதுக்கு வந்த பெண் எழுதிய நோட்டைக் கேட்கிறார். அவள் அதை ஒளித்துவைத்து எழுதுகிறாள். அதில் இருப்பது கதையா கடிதமா என்று அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அப்பா கைக்குப் போனால் என்ன ஆகும், தெருவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் நான் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறேன்.

"ஒரு சாக்குக் கெடச்சுச்சு, போட்டுட்டேன். எழுத்துத் தெரிஞ்சிருந்தா போட்டிருக்க மாட்டேன்."

பத்து வருஷம் என்னை ஏன் அந்தப் பழியைச் சுமக்கவிட்டாய் என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவள் பருத்திமாரை ஒடித்து அடுப்புக்குள் தள்ளினாள். உன்மேல் கோபம் வந்தால் அவளுக்கு இரண்டு நாளில் போய்விடும், என்மேல் வந்தால் போகாது என்று நினைத்தேன் என்றாள். ஆனால் அக்காவிடம் அந்தச் சாக்கைச் சொல்ல அவளுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லையாம்.

"வந்தா. வாசப்படில நின்னா. நோட்டை நான் எரிச்சிட்டேன்னேன். சண்டை போட்டா என்ன சொல்லணும்னு எல்லாம் யோசிச்சு வச்சிருந்தேன். என்னையே பாத்துட்டு நின்னா. பெறகு, அம்மா, ஆகலின்னா."

ஆகலி என்றால் பசி. அக்கா அம்மாவைப் பார்த்து, அம்மா, பசிக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். அம்மா சோறு போட்டிருக்கிறாள். ரசத்துக்கு இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாளாம்.

கமாவுக்குப் பிறகு வந்த வரி அதுதான். அவள் தமிழில் எழுதி, எரிந்துபோனதை, அன்றைக்கே எங்கள் பாஷையில் சொல்லி முடித்துவிட்டாள். நான் காதைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

அம்மா தட்டை எடுத்து வைத்தாள். அடுப்புச் சூட்டில் அவள் முகம் வேர்த்திருந்தது. ரொம்பக் கிழவியாகிவிட்டாள். என்னை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள், நானும் பார்த்தேன். சொல்ல வேண்டியது என்னவென்று எனக்குத் தெரியும். அக்கா எழுதியே வைத்துவிட்டுப் போயிருந்தாள். ஆனால் நான் அக்கா இல்லை.

"எனக்குப் பசிக்கலம்மா" என்றேன், தமிழில். வீட்டில் அசலார் யாரும் இல்லை. சொன்னது பொய்.